ஓரம் வெட்டாத பைண்டர்

நாகர்கோவில் மீனாட்சிபுரத்தில், அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு சந்துக்குள், பெயர்ப்பலகை இல்லாத ஒரு பைண்டிங் கடை இருக்கிறது. கல்லூரி மாணவர்களின் ஆய்வேடு, வக்கீல் அலுவலகத்துச் சட்டப் புத்தகம், கோயில் கணக்குப் பேரேடு, பக்கம் கழன்ற வேதாகமம் என்று வருவதையெல்லாம் தைத்து அட்டை போட்டுத் தருகிற அந்தக் கடையில், சென்ற ஆண்டு நான் 30 ஆண்டுகளின் பத்திரிகை இதழ்களைக் கொடுத்து 11 தொகுதிகளாகத் திரும்ப வாங்கினேன். வீட்டு மச்சில் பழைய தாள்களைக் கட்டிப் போட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால், அந்த வேலை எப்படி நடந்தது, எது நன்றாக வந்தது, எது வரவில்லை என்பதை எழுதி வைக்கிறேன். கடைக்காரர் தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நேரில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறோம்; இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நான் கொடுத்தவை என் பெரியப்பாவின் தாள்கள். பூதப்பாண்டியில் 1934இல் பிறந்து, சில ஆண்டுகள் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்துவிட்டு, 1967 ஜனவரியில் தாமே ஒரு மாதமிருமுறை இதழைத் தொடங்கி, 1996 டிசம்பர் வரை அதை நடத்தியவர். ஆசிரியரும் அவரே, வெளியிடுபவரும் அவரே, சுற்றி முகவரி எழுதி அஞ்சலகத்துக்குச் சுமந்து போனவரும் பெரும்பாலும் அவரே. எட்டுப் பக்கம், ஆண்டுக்கு 24 இதழ். 2019இல் அவர் காலமானபோது ஓர் இதழுக்கு ஒரு படி வீதம் மச்சில் இருந்தது. அதோடு தலையங்கங்களைப் பிழை திருத்துவதற்காக எடுத்த மெய்ப்புத் தாள்கள் தனியாக ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற ஊரில், ஓட்டுக் கூரையின் கீழ்க் கிடந்த செய்தித்தாள் என்ன கதியில் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. செய்தித்தாளுக்கான காகிதம் மரத்தை அரைத்த கூழில் செய்வது. அதிலுள்ள லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பேறும், பிறகு மடிப்பில் கைபட்டாலே உடையும். இராமபாணப் பூச்சி தின்றது போக, ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடித்து அரித்தது போக, மிச்சமிருந்ததைத்தான் நான் இரண்டு சாக்கில் கொண்டு போனேன்.

முதலில் நகரின் வேறொரு கடையில் விசாரித்தேன். அங்கே கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், மூன்று பக்கமும் அரை அங்குலம் வெட்டிச் சமப்படுத்தி, பக்கவாட்டில் துளையிட்டு இறுக்கிக் கட்டி, நான்கு நாளில் தந்துவிடுவதாகச் சொன்னார்கள். விலையும் குறைவுதான். சாக்கை அங்கேயே இறக்கிவிட இருந்தேன். ஆட்டோக்காரர் அவசரப்பட்டதால் மட்டுமே அன்று இறக்கவில்லை.

அண்ணாச்சி சாக்கை அவிழ்த்தவுடன் விலை பேசவில்லை. தகரப் பெட்டியிலிருந்த மெய்ப்புத் தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஏறக்குறைய அரை மணி நேரம் படித்தார். பிறகு, "இதுல ஓரம் வெட்டப்பிடாது தம்பி. அச்சுல இருக்கதவிட ஓரத்துலதான் அவரு நெறைய எழுதியிருக்காரு" என்றார். இந்த விமர்சனத்தை நான் எழுதுவதற்கு அந்த ஒரு வாக்கியமே போதுமான காரணம்.

அவர் சொன்னது உண்மை என்பதைத் தொகுதி கைக்கு வந்த பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன். ஈய எழுத்தைக் கையால் கோத்து அச்சடித்த காலத்தில், கம்பாசிட்டர் கோத்த எழுத்தைக் கேலி (galley) என்ற நீண்ட தட்டில் வைத்து மை தடவி, மிஞ்சிய துண்டுத் தாளில் ஒற்றி எடுத்து ஆசிரியரிடம் கொடுப்பார்கள். நீளமான அந்தத் தாளின் இரு பக்க ஓரமும் பிழை திருத்துவதற்கானது. பெரியப்பா சிவப்பு மையில் பிழையைத் திருத்தினார். அதே ஓரத்தில் பென்சிலால் தம் நாள்களையும் குறித்திருக்கிறார். "கம்பாசிட்டருக்கு முன்பணம் 12 ரூபாய்." "மாலை வரை கரண்ட் இல்லை, காலால் மிதித்து ஓட்டினோம்." "இந்தப் பத்தி வேண்டாம் என்று இரண்டு பேர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இருக்கட்டும்." விவேகானந்தர் பாறை நினைவுச் சின்னத்தை 1970 செப்டம்பர் 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் வி. வி. கிரி திறந்து வைத்ததைப் பற்றிய தலையங்கத்தின் ஓரத்தில், படத்தை அச்சிடுவதற்கான பிளாக் திருவனந்தபுரத்திலிருந்து வந்து சேரவில்லை என்ற கவலைதான் இருக்கிறது. அரை அங்குலம் வெட்டியிருந்தால் தலையங்கங்கள் அத்தனையும் தப்பியிருக்கும். அவற்றை எழுதிய மனிதர் போயிருப்பார்.

1976 பிப்ரவரி மெய்ப்பு ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நெருக்கடி நிலை 1975 ஜூனில் வந்துவிட்டாலும், அதன் முழு இறுக்கமும் தமிழ்நாட்டுச் சிறு இதழ்களின் கழுத்துக்கு வந்தது 1976 ஜனவரி 31இல் மாநில அரசு கலைக்கப்பட்ட பிறகுதான் என்று பெரியப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தத் தாளில் நடுப் பத்தி முழுவதையும் சுற்றி ஒரு பெட்டி வரைந்து, ஓரத்தில் "இது போகாது" என்று எழுதியிருக்கிறார். அச்சான இதழை எடுத்துப் பார்த்தால், அந்தப் பத்தி இருந்த இடத்தில் வாழைக்கன்று விற்பனை விளம்பரம் ஒன்று இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி மெய்ப்புத் தொகுதியையும் இதழ்த் தொகுதியையும் ஒரே அளவில் கட்டித் தந்தது அண்ணாச்சியின் யோசனை. நான் கேட்கவில்லை.

வேலையின் முறையைப் பற்றிச் சில சொற்கள். துருப்பிடித்த கம்பி ஒவ்வொன்றையும் சிறு கத்தி முனையால் நெம்பி எடுத்தார். மடிப்பு உடைந்த தாள்களுக்கு மெல்லிய காகிதத்தில் பட்டி வெட்டி ஒட்டி, அந்தப் பட்டியில்தான் ஊசி ஏற்றினார். பழைய தாளில் ஒரு துளைகூட விழவில்லை. பசை கடையிலேயே காய்ச்சியது: மைதா மாவு, பூச்சி வராமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம். பின்கட்டில் ஸ்டவ்வில் அது கொதிக்கும்போது வருகிற வாடை முதல் தடவை போகிறவர்களுக்குப் பிடிக்காது. அட்டைக்குக் கெட்டி மில்போர்டு, மேலே கருஞ்சிவப்பு ரெக்சின், முதுகுக்கும் மூலைக்கும் காலிகோ துணி. தொகுதியை மேசையில் விரித்தால் பக்கம் தானாக மூடிக்கொள்ளாமல் படிந்து கிடக்கிறது. தினமும் புத்தகத்தோடு புழங்குகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று தெரியும். இதழ் கிடைக்காமல் போன இடங்கள் மொத்தம் 17. அங்கெல்லாம் அதே அளவில் வெற்றுத் தாள் ஒன்றைச் சேர்த்துத் தைத்து, மூலையில் பென்சிலால் அந்த இதழின் தேதியைக் குறித்திருக்கிறார். பின்னால் எங்கேயாவது ஒரு படி கிடைத்தால் ஒட்டிக்கொள்ளலாமாம்.

நான் தனியாகக் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் முதல் இதழில் பக்கத்தை உடனே எடுக்க வசதியாக ஒரு துணிக் காது ஒட்டித் தரச் சொன்னேன். அப்போதைய பத்திரிகைப் பதிவு விதிகளின்படி, பிப்ரவரி முடிந்த பிறகு வருகிற முதல் இதழில் 4ஆம் படிவம் என்ற ஓர் அறிக்கையை வெளியிட வேண்டியிருந்தது: வெளியாகும் இடம், கால இடைவெளி, அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், உரிமையாளர், அவர்களின் குடியுரிமை, முகவரி. வாசகர்கள் கண்ணை ஓட்டாமல் தாண்டிப் போகிற பகுதி அது. ஆனால் 30 ஆண்டுகளின் படிவங்களை வரிசையாகப் புரட்டினால், ஓர் ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை அரசாங்கமே கேட்டு வாங்கி வைத்திருப்பது போலத் தெரிகிறது. 1967 முதல் கோட்டாற்றில் ஒரு வாடகை அறை. அச்சிடுபவர் என்ற இடத்தில் வேறொருவர் பெயர். 1974இல் அச்சிடுபவரும் பெரியப்பாவே ஆகிறார். பெரியம்மாவின் இரட்டை வடச் சங்கிலி டிரெடில் என்ற கால்மிதி அச்சு இயந்திரமாக மாறிய ஆண்டு அது. வடசேரிக்கு ஒரு முறை, வெட்டூர்ணிமடத்துக்கு ஒரு முறை முகவரி மாறுகிறது. வாடகை ஏறியதைத் தவிர வேறு காரணம் இல்லை. 1989இல் அச்சிடுபவர் மறுபடியும் வேறொருவர். டிரெடிலைப் பழைய இரும்புக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டு ஆப்செட்டுக்கு மாறியிருந்தார். கடைசி மூன்று படிவங்களில் முகவரி பூதப்பாண்டி, பிறந்த வீடு. குடியுரிமை என்ற வரி மட்டும் 30 ஆண்டும் மாறவில்லை. ஆனால் திருவிதாங்கூர் மன்னரின் பிரஜையாகப் பிறந்து, 22 வயதில் இருந்த இடத்திலேயே தமிழ்நாட்டுக்காரர் ஆனவருக்கு அந்த வரியை எழுதும்போது என்ன தோன்றியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

அந்த மாற்றம் அவருடைய இதழ் முழுவதும் ஓடுகிறது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததையும், அதற்கு முன் 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இணைப்புப் போராட்டக்காரர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டையும் ஆண்டு தவறாமல் எழுதியிருக்கிறார். முதல் தொகுதியே கனமானது: 1968இல் நாகர்கோவில் நாடாளுமன்ற உறுப்பினர் மார்ஷல் நேசமணியின் மறைவு, அதனால் வந்த நாகர்கோவில் இடைத்தேர்தல், 1969இல் அதில் காமராசரின் வெற்றி. இவற்றை எல்லாரும் எழுதினார்கள். பெரியப்பா மட்டுமே விடாமல் எழுதி வந்தது ஒவ்வொரு செப்டம்பர் கடைசி இதழிலும் வரும் ஒரு கட்டுரையைத்தான்.

அது நெய்யாற்றின்கரையில் பிறந்த ஒரு மலையாளப் பத்திரிகை ஆசிரியரைப் பற்றியது. வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905இல் தொடங்கிய சுதேசாபிமானி இதழுக்கு 1906 முதல் ஆசிரியராக இருந்த கே. ராமகிருஷ்ண பிள்ளை, திருவிதாங்கூர் திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தை இடைவிடாமல் கண்டித்து எழுதினார். 1910 செப்டம்பர் 26ஆம் நாள் அச்சகத்தை அரசு கைப்பற்றியது; அவரைக் கைது செய்து, வழக்கு விசாரணை எதுவும் இல்லாமல், ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் எல்லைக்கு அப்பால் விட்டது. அப்போது அவருக்கு வயது 32. திரும்பவே முடியாமல், 1916 மார்ச் 28ஆம் நாள் கண்ணூரில் இறந்தபோது 37. இடைப்பட்ட காலத்தில் பத்திரிகைத் தொழிலைப் பற்றி ஒரு பாடநூலும், கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாறும் மலையாளத்தில் எழுதினார். பெரியப்பாவுக்கு மலையாளம் நன்றாக வாசிக்க வரும். திருவிதாங்கூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஆண்டுதோறும் அந்த நாளில் பேருந்தில் ஆரல்வாய்மொழிக்குப் போய் நின்றுவிட்டு வந்து எழுதுவார். மனிதர் ஒருவரே, ஊரும் ஒன்றே. ஆனால் கட்டுரை ஒவ்வோர் ஆண்டும் வேறாக இருக்கிறது. ஓராண்டு கோட்டையின் இடிபாட்டைப் பற்றி, ஓராண்டு கணவாய்க் காற்றைப் பற்றி. 1990களில் முப்பந்தல் காற்றாலைகள் வந்துவிடுகின்றன. தனித்தனி இதழாகக் கிடந்தவரை இதை நான் கவனித்ததே இல்லை. தைத்து வரிசையாக வைத்த பிறகு, 30 செப்டம்பர்களையும் ஒரே மாலையில் படித்து முடித்தேன்.

தமிழ்ப் பத்திரிகைகள் மீது எழுத்துச் சீர்திருத்தம் எப்படி இறங்கியது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நான்காம், ஐந்தாம் தொகுதிகளைக் காட்டலாம். 1978 அக்டோபரில் லை, ளை போன்ற எழுத்துகளின் வடிவத்தை மாற்றும் அரசாணை வந்தது. பெரிய நாளிதழ்கள் மாறிக்கொண்டன. ஆனால் டிரெடிலில் அச்சடித்தவருக்குத் துதிக்கை வைத்த பழைய லை, ளை எழுத்துகள் பெட்டி நிறைய இருந்தன. புதிய எழுத்து வாங்கக் காசு இல்லை. எனவே 1979இல் ஒரே வரியில் பழைய லையும் புதிய லையும் சேர்ந்து வருகின்றன. நாகர்கோவிலுக்கு ரயில் வந்த செய்தி, அந்த ஆண்டு ஏப்ரலில், இப்படிக் கலப்பு எழுத்தில்தான் அச்சாகியிருக்கிறது.

இனிக் குறைகள். மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்ன வேலை ஒன்பது வாரம் ஆயிற்று. தொலைபேசியை எடுக்க மாட்டார். எடுத்தால் "ஆயிட்டு தம்பி, நாளைக்கு" என்பார். நாளை என்ற சொல்லுக்கு அந்தக் கடையில் திட்டமான பொருள் கிடையாது. ரசீது தருவதில்லை என்பதால், கொடுக்கும் தாள்களின் பட்டியலை நீங்களே எழுதி ஒரு படியில் அவருடைய கையெழுத்தை வாங்கிக்கொள்வது நல்லது. எட்டாம் தொகுதியில் 1988இன் இரண்டு இதழ்கள் முன்பின்னாகத் தைக்கப்பட்டுள்ளன. பிரித்தால் தாள் தாங்காது என்று நானே விட்டுவிட்டேன்.

பெரிய குறை தங்க எழுத்தில் வந்தது. முதுகில் எழுத்துப் பொறிப்பதை அண்ணாச்சி தாமே செய்வதில்லை, வெளியே கொடுத்து வாங்குகிறார். நான் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தும், பத்துத் தொகுதிகளின் முதுகிலும் "பத்திரிக்கை" என்று வந்துவிட்டது. இதில் என்ன இருக்கிறது, ஒரு ககர ஒற்றுதானே என்று தோன்றலாம். பெரியப்பாவை அறிந்தவர்களுக்குத் தெரியும். "பத்திரிகை" என்ற சொல்லில் அந்த ஒற்று வராது என்பதை 30 ஆண்டும் ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். வாசகர் கடிதத்தில் திருத்துவார், விளம்பரத்தில் திருத்துவார். யாராவது திருமணத்துக்கு அழைக்க வந்து "பத்திரிக்கை வைக்க வந்தோம்" என்றால், குங்குமம் எடுப்பதற்கு முன் அதைத் திருத்துவார். அவருடைய ஆயுள் உழைப்பின் முதுகிலேயே அந்தப் பிழை பத்து முறை பொன்னெழுத்தில் மின்னியபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

அண்ணாச்சி வாதாடவில்லை. ரெக்சினில் பதிந்த எழுத்தை அழிக்க முடியாது என்பதால், அதே நிறத்தில் காலிகோத் துண்டு வெட்டி, புதிய எழுத்துப் பொறித்து வாங்கி, மேலே ஒட்டித் தருவதாகச் சொன்னார். கூடுதல் பணம் கேட்கவில்லை. அதற்காக நான் காத்திருந்த நாள்களில் இரண்டாம் தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1971இன் ஓர் இதழில், கடைசிப் பக்கத்தின் அடியில், கட்டம் கட்டிய ஒரு சிறு அறிவிப்பு இருந்தது. சென்ற இதழ்த் தலையங்கத்தின் மூன்றாம் வரியில் "பத்திரிக்கை" என்று அச்சாகிவிட்டதற்கு ஆசிரியர் வருந்துகிறார் என்பது செய்தி. முந்தைய இதழைப் பார்த்தேன், இருந்தது. மெய்ப்புத் தொகுதியைப் பார்த்தேன். அதிலும் அப்படியே இருந்தது, சிவப்பு மை அந்த வரியைத் தொடவே இல்லை. கம்பாசிட்டரின் மேல் பழி போடாமல் தம் பெயரிலேயே வருத்தம் தெரிவித்திருக்கிறார். மறுநாள் கடைக்குப் போய் இதை அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அறிவிப்பை இரண்டு முறை படித்துவிட்டு, "அப்பம் இந்த ரெண்டாவது புக்குக்கு மட்டும் ஒட்டாண்டாமா?" என்று கேட்டார். இரண்டாம் தொகுதியை மட்டும் அப்படியே விடச் சொல்லிவிட்டு வந்தேன்.

விலை விவரம்: தொகுதி ஒன்றுக்கு 650 ரூபாய், மெய்ப்புத் தொகுதிக்குப் பட்டி ஒட்டும் வேலை அதிகம் என்பதால் 900 ரூபாய், மொத்தம் 7,400. துணிக் காதுகளுக்குத் தனியாக வாங்கவில்லை. பாதித் தொகை முன்பணம். ஜிபே உண்டு, அதற்கு அவருடைய மகன் கடையில் இருக்க வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி ஆய்வேடுகள் குவிந்து கிடக்கும். அப்போது பழைய தாள் வேலையைக் கொண்டு போகாதீர்கள். ஆனி, ஆடி மழையில் பசை காயத் தாமதமாகும். தை மாதம்தான் சரியான காலம். ஒரே நாளில் வேண்டும் என்பவர்களுக்கும், வழவழப்பான அட்டை வேண்டும் என்பவர்களுக்கும் நகரில் வேறு கடைகள் இருக்கின்றன. பக்க ஓரத்தில் யாராவது எதையாவது எழுதி வைத்திருந்தால் மட்டும் இந்தச் சந்துக்குள் வாருங்கள்.

பெரியப்பாவுக்கு வந்த கடிதக் கட்டு ஒன்று இப்போது அண்ணாச்சியிடம் இருக்கிறது. "பத்திரிகை ஆசிரியருக்கு வந்த கடிதங்கள்" என்று முதுகில் வர வேண்டும். இம்முறை அதைக் கணினியில் அச்சடித்துக் கொடுத்து, ஒற்று வரக் கூடாத இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டும் காட்டியிருக்கிறேன். மூன்று வாரம் என்றிருக்கிறார்.